பஸ்ராவின் குளியற்கூடமும் கறுப்பு அட்டையும்

ஹிஜ்ரி 443ஆம் ஆண்டு ஷஅபான் மாதம், அதாவது கி.பி. 1051ஆம் ஆண்டின் இறுதியில், பாரசீகப் பேரறிஞர் நாஸிர் குஸ்ரவ் தம் சகோதரருடன் பஸ்ரா நகருக்கு வந்து சேர்ந்தார். பாலைவனத்தைக் கடந்து வந்த அவர்களின் உடலில் கிழிந்த ஆடையைத் தவிர வேறொன்றும் இல்லை. குளிரோ கடுமையானது. வெந்நீரில் குளித்தால் உடலும் சூடேறும், பல மாத அழுக்கும் நீங்கும் என எண்ணிப் பொதுக் குளியற்கூடத்தை நாடிச் சென்றனர். நூல்கள் வைத்திருந்த சிறு பையை விற்றுக் கிடைத்த சில திர்ஹங்களைக் காகிதத்தில் மடித்துக் குளியற்கூடக்காரனிடம் நீட்டினர். அவன் அவர்களை ஏற இறங்கப் பார்த்தான். பித்தர்கள் என்று முடிவு கட்டி, உள்ளே விடாமல் விரட்டினான். வாயிலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் கல்லெறிந்து கூச்சலிட்டனர்.

இத்தனைக்கும் நாஸிர் குஸ்ரவ் பிறவி ஏழை அல்லர். குராஸானின் மர்வு நகரில் அரசின் நிதித் துறையில் பணியாற்றியவர். பிறருடைய வரவு செலவுகளைக் கணக்கெழுதிப் பழகியவர். அந்நேரத்தில் அவரிடம் இருந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான்: தம்மைப் பாலைவனம் கடத்தி விட்ட ஒட்டகக்காரருக்குத் தர வேண்டிய 30 தீனார் வாடகைக் கடன்.

பின்னர் அஹ்வாஸ் ஆட்சியாளரின் அமைச்சர் ஒருவர் இவருடைய கல்விச் சிறப்பைக் கேள்விப்பட்டு, ஆடைக்கென 30 தீனார் அனுப்பினார். ஒட்டகக் கடனும் தீர்ந்தது. நல்லாடை உடுத்திச் சகோதரர் இருவரும் மீண்டும் அதே குளியற்கூடத்துக்குச் சென்றனர். இம்முறை அனைவரும் எழுந்து நின்றனர். உடல் தேய்ப்போர் ஓடி வந்தனர். அன்று விரட்டப்பட்டவர்கள் இவர்களே என்று பணியாளர் தமக்குள் அரபியில் பேசிக்கொள்ள, "உண்மைதான், கிழிந்த துணியோடு வந்தவர்கள் நாங்களே" என்னும் பொருள்பட நாஸிர் அரபியிலேயே விடை சொல்ல, அவர்கள் வெட்கித் தலைகுனிந்தனர். இரண்டு வருகைகளுக்கும் இடையே கழிந்தவை இருபது நாட்களே!

தம் பயண நூலான 'ஸபர்நாமா'வில் நாஸிர் குறித்துவைத்த இந்நிகழ்ச்சியை நான் இப்பொழுது நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இக்காலத்து வங்கிகளில் உயர் வருமானக்காரர்களுக்கெனத் தனிக் கணக்கு, தனி அறை, தனி அலுவலர், பொன் அட்டை, பிளாட்டினம் அட்டை, கறுப்பு அட்டை என்று படிகள் பல ஏற்பட்டுள்ளன. வரிசையில் நிற்கும் முதியவரைக் கடந்து, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒருவர் நேரே அழைத்துச் செல்லப்படுவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கான செலவை யார் ஏற்கின்றனர்? வரலாற்றிலிருந்து விடை தேடுவோம்.

சராபுகளின் சீட்டு

தம்மை விரட்டிய அதே நகரின் கடைத்தெருவை நாஸிர் வியந்து பாராட்டுகிறார். பஸ்ராவில் காலையில் ஓரிடத்திலும், நண்பகலில் வேறிடத்திலும், மாலையில் மூன்றாமிடத்திலும் சந்தை கூடும். பொருள் உடையவர் அதனை ஸர்ராப் எனப்படும் நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்வார். வேண்டியவற்றை வாங்கி, விலையை ஸர்ராபின் பேருக்கு எழுதிக் கொடுப்பார். ஊரை விட்டுப் புறப்படும் வரையில் அவர் காசைக் கையால் தொட வேண்டியதில்லை. இன்றைய வங்கி அட்டை செய்யும் வேலையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அச்சீட்டுச் செய்திருக்கிறது.

அச்சீட்டுத் தனித்து நின்றதன்று. தொலைதூரத்துக்குப் பணம் அனுப்ப ஸுப்தஜா எனும் மாற்றுண்டியலும், கடனையும் கொடுக்கல் வாங்கலையும் உறுதிப்படுத்த ஸக்கு எனும் பத்திரமும் அன்று வழங்கின. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சகாராப் பாலையின் தென்கோடியிலுள்ள அவ்தகுஸ்து வணிகர் ஒருவர் ஸிஜில்மாஸா நகரத்தார் ஒருவருக்குத் தர வேண்டியிருந்த 42,000 தீனாருக்கான ஸக்கினைத் தாம் கண்டதாக எழுதுகிறார். கிழக்கு நாடுகளில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் வியந்தனராம். இந்த ஸக்கே ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று என்பாரும், அதனை மறுப்பாரும் உளர். சொல்லின் மூலம் எதுவாயினும் செயல் பழையது.

அப்பாஸிய ஆட்சியில் பெரும் செல்வருக்கும் அரசுக்கும் பணம் காத்தவர்கள் ஜஹ்பதுகள் எனப்பட்டனர். கலீபா முக்ததிர் காலத்தில் (908-932) பக்தாதில் யூஸுப் இப்னு பின்ஹாஸ், ஹாரூன் இப்னு இம்ரான் என்ற யூதப் பெருவணிகர் இருவர் அமைச்சர்களின் வைப்புத்தொகைகளைக் காத்தனர். படைவீரர் ஊதியத்துக்கென மாதந்தோறும் முன்பணமும் தந்தனர். அஹ்வாஸ் மாநிலத்தின் வரி வருவாய் அதற்கு ஈடாக நின்றது. அமைச்சர்கள் மாறினர், இவர்களோ மாறவில்லை. இவர்களை நீக்கினால் வணிகரின் நம்பிக்கை குலையும் என அரசே அஞ்சியது. பெருஞ்செல்வர்க்கென்று தனித்த பணக்காப்பு என்பது அன்றே வேரூன்றி விட்டது என்க.

ஸர்ராப் என்ற அச்சொல்லே தமிழில் 'சராபு' என வழங்குகிறது. வசூல், பாக்கி, ஜாமீன் முதலாய அரபு மூலச் சொற்களும் நம் கணக்குப் புத்தகங்களில் நெடுநாளாக இடம்பெற்றுள்ளன. ஆயினும் இத்துறையில் தமிழில் சிறப்பான சொல் ஒன்றுண்டு. காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். 'அவர் நாணயமானவர்' என்றால் அவரிடம் காசு இருக்கிறது என்பது பொருளன்று. வாக்குத் தவறாதவர் என்பதே பொருள்.

அத்தகைய நாணயத்துக்கு வரலாற்றில் சான்று தேடினால் மீண்டும் பஸ்ராவின் பக்கமே செல்ல வேண்டும். ஹிஜ்ரி 36இல் பஸ்ராவை அடுத்து நிகழ்ந்த ஜமல் போரின் நாளில் ஷஹீதான நபித்தோழர் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தம் பொருளை அடைக்கலமாக வைக்க வருவார்கள். அடைக்கலப் பொருள் தொலைந்தால் கொடுத்தவருக்கு நட்டமாகும் என அஞ்சி, அதனைத் தாம் பெற்ற கடனாக எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். கடன் என்றால் தொலைந்தாலும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அவர்கள் மறைந்தபோது இவ்வகையில் நின்ற கடன் 22 இலட்சம் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) நிலங்களை விற்றுக் கடனைத் தீர்த்தார்கள். அதன் பின்னும் நான்கு ஹஜ்ஜுக் காலங்களில், கடன் வரவேண்டியவர் எவரேனும் உண்டா என்று அறிவித்த பிறகே வாரிசுகளுக்குப் பாகம் பிரித்தார்கள். இங்கே பொருளை வைத்தவர் யார், எவ்வளவு வைத்தார் என்பது பேச்சன்று; பொறுப்பேற்றவரின் நாணயமே பேச்சு.

பொற்கொல்லர் கடையும் பயணக் கடிதமும்

இலண்டன் மாநகரில் வங்கித் தொழில் பொற்கொல்லர் கடைகளிலிருந்து வளர்ந்தது. ரிச்சர்டு ஹோர் 1672இல் தொடங்கிய கடையும், ஜான் கேம்பல் எனும் ஸ்காத்லாந்துப் பொற்கொல்லர் 1692இல் ஸ்ட்ராண்டு வீதியில் தொடங்கிய கடையும் இன்று வரை செல்வர்களின் தனி வங்கிகளாக நிலைத்துள்ளன. பின்னது கூட்ஸ் வங்கி என்ற பெயரால் பிரித்தானிய அரச குடும்பத்தின் வங்கியாகப் புகழ் பெற்றது.

இவ்வங்கிகளின் வாடிக்கையாளர் வெளிநாடு செல்லும்போது கடன் கடிதம் எடுத்துச் செல்வர். இன்னாருக்கு இவ்வளவு தொகை வரை தருக என்று வங்கியர் மற்றொரு வங்கியருக்கு எழுதும் கடிதம் அது. பெருநகரங்களில் அது செல்லும், சிற்றூர்களில் செல்லாது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே. சி. பார்கோ ஐரோப்பியப் பயணத்தில் இத்தொல்லையை நேரில் அனுபவித்தார். எவ்வளவு பெரிய மனிதராயினும் அறிமுகமில்லாத ஊரில் தாளை நம்புவாரில்லை! அவர் ஊர் திரும்பியதும் நிறுவன அலுவலர் மார்செல்லஸ் பெர்ரி ஒரு வழி கண்டார். 1891இல் பயணிகள் காசோலை பிறந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது மற்றொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் போதும்.

சமத்துவக் கனவும் ஒரு டாலர் உயர்வும்

கடன் அட்டை என்ற பெயர் எப்படித் தோன்றியது என்பது சிந்தனைக்குரியது. 1888இல் எட்வர்டு பெல்லமி என்ற அமெரிக்க எழுத்தாளர், கி.பி. 2000ஆம் ஆண்டின் உலகைக் கற்பனை செய்து நாவல் ஒன்று எழுதினார். அதில் நாட்டின் ஆண்டு விளைவில் ஒவ்வொரு குடிமகனுக்கும் சமமான பங்கு; அப்பங்கைப் பெறுவதற்கு ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. அதற்கு அவர் இட்ட பெயரே கடன் அட்டை. ஆகவே, அட்டை என்பது முதன்முதலில் சமத்துவத்தின் கருவியாகவே கற்பனை செய்யப்பட்டது.

நடைமுறையில் வந்த அட்டை வேறு வழியில் சென்றது. 1950இல் நியூயார்க்கில் பிராங்க் மக்னமாரா என்பவர் வழக்கறிஞர் ரால்ப் ஷ்னைடருடன் சேர்ந்து டைனர்ஸ் கிளப் தொடங்கினார். உணவகத்தில் விருந்துண்ட பின் பணப்பையை மறந்து வந்ததை உணர்ந்து வெட்கியபோது இவ்வெண்ணம் உதித்தது என்ற கதை பரவலாக வழங்குகிறது. அது விளம்பரத்துக்காகப் புனைந்தது என்று அந்நிறுவனத்தின் விளம்பர அலுவலரே பின்னாளில் கூறிவிட்டார். முதலில் ஏறத்தாழ இருநூறு உறுப்பினர். கையிலிருந்தது தடித்த காகித அட்டை. உறுப்பினர் மாத இறுதியில் முழுத் தொகையையும் கட்ட வேண்டும்; வட்டி இல்லை. உணவகம் தன் விற்பனையில் நூற்றுக்கு ஏழு வீதம் நிறுவனத்துக்கு விட்டுத்தர வேண்டும். அந்த ஏழு வீதத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையை வெளியிட்டது. டைனர்ஸ் கிளப்பின் ஆண்டுக் கட்டணம் 5 டாலர்; இவர்கள் வைத்ததோ 6 டாலர். செலவு கூடுதல் என்பதால் அன்று. உயர்ந்தது என்று தோன்ற வேண்டும் என்பதற்காகவே அந்த ஒரு டாலர் உயர்வு. உயர்தர அட்டைகளின் வரலாறு அந்த ஒரு டாலரில் தொடங்குகிறது எனலாம்.

அதே 1958இல், செப்டம்பர் மாதத்தில், கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் நேரெதிரான ஒரு சோதனை நிகழ்ந்தது. பாங்க் ஆப் அமெரிக்கா, கேளாதவர்க்கும் வீடு தேடி 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. மாதந்தோறும் சிறிது கட்டி, எஞ்சியதற்கு வட்டி செலுத்தலாம் என்ற முறை இதன் வழியே பரவியது. நூற்றுக்கு நான்கு கணக்குகளே தவணை தவறும் என எதிர்பார்த்தனர், தவறியவை இருபத்திரண்டு. மோசடியும் மலிந்தது. வங்கி ஒப்புக்கொண்ட நட்டமே 88 இலட்சம் டாலர். எனினும் அத்திட்டம் மடியவில்லை. 1976இல் விசா எனப் பெயர் மாறி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் டைனர்ஸ் கிளப் 1961இல் அறிமுகமாயிற்று. 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா கடன் அட்டை வெளியிட்டது.

எல்லார் கையிலும் அட்டை வந்தபின், அட்டை வைத்திருப்பது பெருமையாகுமா? ஆகவே, அட்டைக்குள் அட்டையாகப் படிகள் எழுந்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 1966இல் பொன் அட்டை தந்தது. 1984இல் அழைப்புப் பெற்றோர்க்கு மட்டும் பிளாட்டினம் அட்டை தந்தது. ஆண்டுக் கட்டணம் 250 டாலர். இதற்கிடையில், எதையும் வாங்கவல்ல இரகசியக் கறுப்பு அட்டை ஒன்று பெருஞ்செல்வர் சிலரிடம் மட்டும் இருப்பதாக வதந்தி பரவிற்று. அப்படி எதுவும் அப்போது இல்லை. ஆனால், மக்கள் அதனை நம்புவதைக் கண்ட நிறுவனம் 1999இல் அத்தகைய அட்டையை உண்மையாகவே வெளியிட்டது. வதந்திக்கு உருவம் கொடுத்து விற்றனர்! தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,000 டாலராக இருந்த அதன் கட்டணம் 2020இல் 5,000 டாலர் ஆயிற்று. நுழைவுக் கட்டணம் தனியே 10,000 டாலர்.

செலவை ஏற்பவர் யார்?

விமான நிலையத்தில் ஓய்வறை, விடுதியில் மேலறை, வாங்கும் பொருளுக்கெல்லாம் வெகுமதிப் புள்ளி ஆகியவற்றை அட்டைதாரர் இலவசம் என எண்ணுகிறார். ஆண்டுக் கட்டணம் ஒரு பகுதியை ஈடுசெய்யும். மற்றொரு பகுதி, கடைக்காரர் தன் விற்பனையில் விட்டுத்தரும் வீதத்திலிருந்து வருகிறது. டைனர்ஸ் கிளப் வாங்கிய அந்த ஏழு வீதம் பின்னர் குறைந்ததே தவிர, முறை மாறவில்லை. வெகுமதி மிகுந்த அட்டைகளுக்குக் கடைக்காரர் பொதுவாகக் கூடுதல் வீதம் கொடுக்கிறார். அவர் அதைத் தம் சட்டைப் பையிலிருந்து கொடுப்பாரா? பண்டங்களின் விலையில் ஏற்றிவிடுகிறார். விலையோ அட்டை நீட்டுபவருக்கும் ரொக்கம் எண்ணுபவருக்கும் ஒன்றே. எனவே, ரொக்கம் எண்ணும் ஏழையும் செல்வரின் ஓய்வறைக்குத் தம் பங்கைச் செலுத்துகிறார்.

இது வெறும் ஊகமன்று. பாஸ்டன் நகரின் ஃபெடரல் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர் மூவர் 2010இல் இதனைக் கணக்கிட்டனர். அமெரிக்காவில் ரொக்கம் செலுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. அட்டைக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்று கண்டனர். வருமான வரிசைப்படி பார்த்தாலும், மிகக் குறைந்த வருமானக் குடும்பங்கள் சராசரியாக 21 டாலர் இழக்க, மிக உயர்ந்த வருமானக் குடும்பங்கள் 750 டாலர் பெறுகின்றன.

இவ்விடத்தில் நம் உலமாக்கள் ஆய்ந்த ஒரு செய்தியையும் நோக்க வேண்டும். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹு மன்றம் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடியபோது கடன் அட்டை பற்றித் தீர்மானித்தது. வட்டி நிபந்தனை உள்ள, இருப்பில்லாக் கடன் அட்டை கூடாது. உரிய காலத்துக்குள் கட்டிவிட எண்ணியிருந்தாலும் கூடாது. வட்டி நிபந்தனை இல்லையெனில், உழைப்புக்குரிய நிலையான கட்டணம் பெறலாம். கடைக்காரரிடமிருந்து வங்கி தரகு பெறுவதும் கூடும்; ஆனால், ரொக்கத்துக்கு விற்கும் அதே விலைக்கே அட்டைக்கும் விற்க வேண்டும்.

இந்த இறுதி நிபந்தனையின் நோக்கம் தெளிவானது. கடனுக்கென விலையேற்றி, வட்டி மறைமுகமாக நுழைந்துவிடக் கூடாது என்பதே அது. அந்நோக்கம் சரியே. ஆயினும், கடைக்காரர் தரகை எல்லாப் பண்டங்களின் விலையிலும் பரப்பிவிடும்போது, அட்டையே இல்லாதவர் தோளில் அச்சுமை இறங்குகிறது என்று மேற்கூறிய ஆய்வு காட்டுகிறது. அட்டைதாரர் வட்டியிலிருந்து தப்பலாம். அறியாத அயலாரின் காசில் உண்ணும் விருந்திலிருந்து தப்பினாரா? ஃபத்வா கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும், மார்க்கம் கற்ற இளைஞர்கள் பொருளாதாரமும் கற்று இக்கேள்வியை ஆராய வேண்டும் என்று ஓர் ஆசிரியன் என்ற முறையில் விரும்புகிறேன்.

வாயிலுக்கு வெளியே

படிகளின் உச்சியைப் பார்த்த நாம் அடியையும் பார்ப்போம். அமெரிக்காவில், வருவாய் இருந்தும் பெண் என்பதால் அல்லது மணமானவர் என்பதால் கடன் மறுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1974இல் இயற்றப்பெற்ற சமக் கடன் வாய்ப்புச் சட்டம் அதனைத் தடுத்தது. 1976இல் இனம், நிறம், மதம், வயது ஆகிய வேறுபாடுகளுக்கும் அத்தடை விரிந்தது.

நம் நாட்டில் குறைந்த அளவு இருப்பே வைக்க இயலாதவர் வங்கியின் வாயிலுக்கே வரத் தயங்கினர். 2005ஆம் ஆண்டு நவம்பரில் ரிசர்வ் வங்கி, இருப்பே இல்லாமலும் மிகச் சிறிய இருப்புடனும் எளிய கணக்குத் தொடங்க வகை செய்யுமாறு வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. அக்காலத்திலேயே புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் இந்தியன் வங்கி எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி செய்து கொடுத்தது. நாட்டில் அவ்வாறு ஆன முதற் கிராமம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. ஒன்று மன்ஹாட்டன், மற்றொன்று மங்கலம். வங்கி வரலாற்றில் இரண்டுமே இடம்பெறத் தக்கவை.

உச்சிப் படியும் உறுதியானதன்று. 2023இல் கூட்ஸ் வங்கி, பிரித்தானிய அரசியல்வாதி நைஜல் பராஜின் கணக்கை முடிக்கத் தீர்மானித்தது பெரும் பூசலாயிற்று. அங்கு வாடிக்கையாளராக இருக்க அப்போது 10 இலட்சம் பவுன் முதலீடோ கடனோ, அல்லது 30 இலட்சம் பவுன் சேமிப்போ வேண்டும். தொகையோடு அவருடைய கருத்துகளும் எடைபோடப்பட்டன என்று வங்கியின் ஆவணங்களிலிருந்து வெளிப்பட்டது. அதன் தாய் நிறுவனத்தின் தலைமை அலுவலர் பதவி விலக நேர்ந்தது. அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு. சலுகையாக வந்தது, தந்தவர் விரும்பும்போது திரும்பப் போகும் என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

செல்வம் பழிக்கத் தக்கதன்று. ஜுபைர் (ரலி) அவர்களும் நிலபுலம் மிகுந்தவர்களே. நல்ல வழியில் ஈட்டிய ஒருவர், பயணத்தில் வசதிக்காக ஓர் அட்டை வைத்திருப்பதும் குற்றமன்று. ஆனால், நம் பிள்ளைகள் அட்டையின் நிறத்தைக் கொண்டு மனிதரை அளக்கப் பழகுவார்களானால் அது நமக்குக் கவலை தர வேண்டும். வங்கி அளப்பது இருப்பை; அதற்கு அளக்கத் தெரிந்தது அதுவே. வீட்டில் நாம் அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியது தமிழில் அதே பெயர் கொண்ட மற்றொரு நாணயத்தை.

பஸ்ராக் குளியற்கூடக்காரன் நாஸிர் குஸ்ரவை இருமுறை கண்டான். முதல்முறை வந்தவரிடம் இருந்த கல்வியும் நேர்மையும் இரண்டாம் முறையும் குறையாமல் அப்படியே இருந்தன. கூடியது 30 தீனார் ஆடை மட்டுமே. அடுத்த முறை நம் கடைக்கோ, மதரஸாவுக்கோ, மணவீட்டுக்கோ கிழிந்த ஆடையுடன் ஒருவர் வரும்போது, அந்தக் குளியற்கூடக்காரன் நம் நினைவுக்கு வரட்டும்.